சீமையகத்தி எரிக்காத கை

மூதூர் கால்நடை அலுவலகத்தில் ஓய்வு பெறும் வரை நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவர் றிஸ்னா என்ற இளம் அலுவலர். கெட்டிக்காரி. போன மாதம் தொலைபேசியில் அழைத்தார்.

"சேர், நாய், பூனை, மாட்டுக் கண்டு எல்லாத்துக்கும் படர்தாமரை. வீட்டு ஆக்களுக்கும் தொத்தியிருக்கு. கடையில பூசுமருந்து விலையும் கூட, சில நேரம் கிடைக்கிறதும் இல்ல. உங்களுக்குத் தெரிஞ்ச இலை மருந்தெல்லாத்தையும் ஒரு பக்கத்தில எழுதித் தாங்களன். அச்சடிச்சுக் குடுப்பம்."

ஓம் என்றேன். ஒரு பக்கம் எழுதுவதற்கு எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. இலையின் பெயரும் அளவும் பூசும் முறையும் அரை மணி நேரத்தில் வந்துவிட்டன. அதற்கு மேலே பேனை நகரவில்லை. பக்கத்தை ஒருவாறு முடித்து அனுப்பிவிட்டேன். அதில் அடங்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வேலை செய்தேன். இந்தப் பதவிப் பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடிய விவசாயி எவரையும் நான் சந்தித்ததில்லை. ஊருக்கு நான் 'மாட்டு டொக்டர்'. பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தேன். ஊசி போடவும், சினைப்படுத்தவும், புல் வளர்க்கவும், படிவம் நிரப்பவும் பழக்கினார்கள். டொக்டர் ஆக்கவில்லை. இதை நானே அடிக்கடி மறந்துபோனேன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாலங்கள் இல்லை. திருகோணமலைத் துறைமுகப் பக்கம் எங்கள் வீடு. காலையில் இறங்குதுறைக்குப் போய் மூதூர் போகும் லாஞ்சுப் படகில் ஏற வேண்டும். கோழிக்கூடு, சைக்கிள், சீமெந்து மூட்டை, பள்ளிக்கூட ஆசிரியர்கள் எல்லாரும் ஒன்றாகக் கொட்டியாரக் குடாவைக் கடப்போம். நான் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் சேட்டுக் கையை மடிப்பார். "டொக்டர், இதொருக்கால் பாருங்கோ." மாட்டைப் பற்றிக் கேட்பவர் பத்தில் ஒருவர், மற்றவர்களெல்லாம் தங்கள் தோலைக் காட்டுவார்கள். உப்புக் காற்று, வியர்வை, காயாத உடுப்பு. எங்கள் பக்கத்தில் படர்தாமரை தடிமன் காய்ச்சல் மாதிரி. வராத வீடு இல்லை. நான் பார்ப்பேன். "இது ஒண்டுமில்லை, படர்தாமரை" என்று இலை சொல்லுவேன். இரண்டு கிழமை கழித்து அதே ஆள் கையை விரித்து, "நல்லா மாறிப்போட்டுது டொக்டர்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவார். அந்தக் குரல் எனக்குச் சம்பளத்தை விட ருசித்தது.

என்னுடைய மேலதிகாரி டொக்டர் திலகவதி. உண்மையான மிருக வைத்தியர். வடமராட்சியிலிருந்து வந்தவர், இரண்டு வருடத்தில் இடமாற்றம் கேட்டுப் போய்விடுவார் என்று எல்லாரும் நினைத்தோம். ஓய்வு பெறும் வரை மூதூரிலேயே இருந்தார். ஆண்களுக்கான கறுப்பு றப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருவார். சத்தம் போடமாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும், நாங்கள் குனிந்து கேட்க வேண்டியிருக்கும்.

அவர் ஒரு மிருகத்தைப் பார்க்கும் விதம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. முதலில் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். பிறகும் தொடமாட்டார். தள்ளி நின்று பார்ப்பார். எந்தக் காலை ஊன்றுகிறது, எதில் தேய்க்கிறது, கன்று எங்கே படுக்கிறது, வெயில் எத்தனை மணிக்கு அங்கே விழுகிறது என்று பார்த்து முடித்த பின்தான் கிட்டப் போவார். படர்தாமரை என்று சந்தேகம் வந்தால் மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுப்பார். நான் முதல் தடவை வட்டத்தின் நடுவில் சுரண்டியபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நடுவில என்ன இருக்கு? அது தின்று முடிச்சுப் போன இடம். விளிம்பில சுரண்டும். அங்கதான் அது உயிரோட இருக்கு."

செதிலைக் கறுப்புக் கடதாசியில் தட்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டுக் காரக் கரைசல் விட்டு, விளக்கில் இலேசாகச் சூடு காட்டுவார். பிறகு கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் வெறும் தேத்தண்ணி குடிப்பார். யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு கோப்பை கேட்பார். நுணுக்குக்காட்டியில் பூஞ்சணத்தின் கிளை விட்ட நூல்கள் தெரிந்தால்தான் 'படர்தாமரை' என்று வாய் திறப்பார். பார்த்தவுடன் பெயர் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. பார்த்தவுடன் சொல்வது எனக்கு வழக்கம்.

அவர் எப்போதும் கேட்கும் கேள்விகள் மூன்று. எப்ப தொடங்கினது? முதல் என்ன பூசினது? கடிக்குதா? எங்கள் பேச்சில் கடி என்றால் அரிப்பு. மூன்றாவதை மாட்டிடம் எப்படிக் கேட்பது என்று நான் ஒருநாள் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மாடு தேய்க்கிறதைப் பார்த்து அறியலாம். மனுசரிட்டக் கேக்கலாம். ஆனா மனுசரை நீர் பார்க்கப்படாது. மாட்டைப் பாரும், மனுசரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். அது அவையின்ர வேலை."

ஓம் டொக்டர் என்றேன். அடுத்த நாள் லாஞ்சில் மூன்று பேருக்கு இலை சொன்னேன்.

டொக்டர் வீட்டு மருந்துக்கு எதிரி இல்லை. 'முதல் என்ன பூசினது' என்று அவர் கேட்பது ஏசுவதற்கு அல்ல. வரும் பதிலை ஒரு தனிக் கொப்பியில் எழுதுவார். அந்தக் கொப்பியில் சிரிப்பும் இருந்தது, மரணமும் இருந்தது. லாஞ்சில் இயந்திரம் பார்த்த மரியதாஸ் ஒரு சிவலை நாய் வளர்த்தார். அதற்கு முதுகில் மயிர் கொட்டி வட்டம் வட்டமாக வந்தது. எங்கள் கரைப் பக்கத்தில் நாய்ச் சொறிக்கு எல்லாரும் செய்வதையே மரியதாசும் செய்தார்: இயந்திரத்திலிருந்து வடித்த கழிவு ஒயிலை வாலிலிருந்து காது வரை பூசிவிட்டார். நாய் தன்னைத்தானே நக்கியது. மூன்றாம் நாள் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் நாங்கள் நாலு பேர் மாறி மாறிக் கழுவினோம். பின்னேரம் அது செத்துப் போனது. மரியதாஸ் அந்தக் கறுத்த கைகளோடு வாசலில் குந்தியிருந்து அழுதார். "நல்லது எண்டுதானே டொக்டர் பூசினனான்" என்றார்.

டொக்டர் கொப்பியில் எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார், "ஒயில் பூசினா நோயும் போகும், நாயும் போகும் எண்டு போய் எல்லா இறங்குதுறையிலயும் சொல்லும்."

சொன்னேன். உள்ளிப் பூண்டை இடித்துக் கன்னத்தில் வைத்துக் கட்டி, தோலை வேகவைத்துக்கொண்டு வந்த பள்ளிக்கூடப் பிள்ளையின் கதையையும் சொன்னேன். முகத்தை வெளுக்கவைக்கும் கிறீமைப் பூசினால் கடி அடங்கும், ஆனால் வட்டம் உள்ளுக்குள்ளே ஊர் பிடிக்கும் என்பதையும் சொன்னேன். மற்றவர்களின் பிழைகளைச் சொல்வதற்கு எனக்கு நல்ல குரல் இருந்தது.

றிஸ்னாவுக்கு எழுதிக் கொடுத்த இலை மருந்தை இங்கேயும் எழுதிவிடுகிறேன், அது இல்லாமல் மீதி விளங்காது. சீமையகத்தி, மெழுகுதிரி ஏற்றி வைத்ததுபோல மஞ்சள் பூ நிமிர்ந்து நிற்கும் செடி. முற்றாத இலையில் ஒரு கைபிடி எடுத்து, தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விட்டு மை போல அரைக்க வேண்டும். இடத்தைச் சவர்க்காரத்தால் கழுவி, துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்டு, வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் கூட்டிப் பூச வேண்டும். காலையும் மாலையும். வட்டம் மறைந்த பிறகும் இரண்டு கிழமை விடாமல் பூச வேண்டும். எங்கள் சனம் தவறவிடுவது இந்த இடத்தில்தான். தலையில் வந்தால் இலை சரிவராது, ஆஸ்பத்திரியில் தரும் குளிசையைக் குடிக்க வேண்டும். கன்றுக்கென்றால் பொருக்கை ஊறவைத்துக் கழற்றி, கந்தகத் தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசி, வெயிலில் கட்டலாம். பூனைக்கு எதையும் பூசக் கூடாது. அது நக்கும், நக்கியது வயிற்றுக்குள் போகும். மயிரைக் கத்தரித்து எரித்துவிட்டு, படுக்கிற சாக்கை மாற்றிவிட்டு, மிருக வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று. சீமையகத்தியும் தேசிக்காயும் சேர்ந்தால் எரியும். சொறிந்து புண்ணான தோலில் பட்டால் பெரிய ஆம்பிளைகளே துள்ளுவார்கள்.

பரமேஸ் அக்கா என்று ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். இது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. போன வருடம் வேறு நோயில் காலமானார். இனி நான் சொல்லப்போகிற அவருடைய நோயின் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் சனம் கதிரையைத் தள்ளிப் போட்டு உட்காரும், அதனால் பிள்ளைகளுக்காகப் பெயரை மாற்றியிருக்கிறேன்.

கிளிவெட்டிப் பக்கம் அவருடைய வீடு. இடப்பெயர்வில் கணவரைத் தொலைத்தவர். தொலைத்தவர் என்றுதான் அவரும் சொல்லுவார், வேறு சொல் சொல்லமாட்டார். திரும்பி வந்தபோது ஒரு மகளும் ஒரு மகனும், நிவாரணத்தில் கிடைத்த ஒரு பசுவும். அந்த ஒன்றை நாலாக்கினார். விடியக் காலையில் நாலையும் தன் கையால் கறந்து, பால் சேகரிப்பு நிலையத்துக்குச் சைக்கிளில் கொண்டு போவார். என்னை விட ஏழெட்டு வயது மூத்தவர். நான் போதித்ததை எல்லாம் ஒழுங்காகச் செய்யும் ஒரே ஆள். வெளியூரிலிருந்து பெரியவர்கள் வந்தால் நான் அவர் வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

மாரி முடிந்த ஒரு காலை அங்கே போனேன். கன்றின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொருக்கு. மகளின் கழுத்தில் ஒரு வட்டம், மகனின் வயிற்றில் இரண்டு. அக்கா தேத்தண்ணி கொண்டு வந்து நீட்டும்போது வலது முழங்கைக்குக் கீழே ஒரு வட்டத்தைக் கண்டேன். ஓரம் கொஞ்சம் தடித்து, நடுவில் வெளுத்து.

"உங்களுக்கும் உந்தக் கண்டு சீதனம் தந்திட்டுது போல" என்றேன்.

"என்ன செய்யிறது தம்பி, வீட்டில எல்லாருக்கும் பங்கு" என்று சிரித்தார்.

கன்றின் பொருக்கைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனேன். டொக்டர் நுணுக்குக்காட்டியில் நூலைக் கண்டார். படர்தாமரைதான். கன்றிலிருந்து பிள்ளைகளுக்கு, பிள்ளைகளிடமிருந்து தாய்க்கு. கணக்குச் சரியாக வந்துவிட்டது. சரியாக வந்த கணக்கைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இருக்கவில்லை. வீட்டாருக்கும் வந்திருக்கிறது என்று டொக்டரிடம் நான் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் என்றிருப்பார்.

கன்றுக்குக் கந்தகம், வீட்டுக்குச் சீமையகத்தி. அடுத்த கிழமை போனபோது மகன் என்னைக் கண்டதும் வீட்டுக்குள் ஓடினான்.

"எரியுதெண்டு ரெண்டும் ஊரைக் கூட்டுதுகள் தம்பி" என்றார் அக்கா.

"உங்களுக்கு?"

"எனக்கு ஒண்டும் எரியேல்ல. பூசினதே தெரியாது."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். "அக்காட தோல் மாட்டுத் தோலெல்லோ, உங்களுக்கெங்க எரியப் போகுது" என்றேன். அக்கா வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மகளும் சிரித்தாள். நல்ல பகிடி என்று அன்று மோட்டார்சைக்கிளில் திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் கன்று சுகம். பிள்ளைகள் சுகம். அக்காவின் வட்டம் அப்படியே இருந்தது. விடாமல் பூசவில்லை என்று ஏசினேன். அவர் விடாமல்தான் பூசியிருந்தார். பூவரசங்காயின் மஞ்சள் பாலைப் பூசச் சொன்னேன். பிறகு கந்தகம். பிறகு அலுவலகத்திலிருந்து மாட்டுக்கு வைத்திருந்த களிம்பில் ஒரு டப்பா கொண்டு போய்க் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார். ஒருமுறை காய்ச்சிய பால் கையில் ஊற்றுண்டு கொப்பளம் போட்டிருந்தது. "மகள் கண்டு கத்தினாப் பிறகுதான் தம்பி நான் கையைப் பாத்தன்" என்றார், அதையும் ஒரு பகிடியாக. நான் கொப்பளத்துக்கு மருந்து கட்டிவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் பால் குறைந்தது. சேகரிப்பு நிலையத்துப் பையன்கள் என்னிடம் சொன்னார்கள், அக்காவின் கலன் முந்தி மாதிரி நிறையவில்லை என்று. நான் உடனே போனேன். மாட்டைப் பார்த்தேன். தீனியைப் பார்த்தேன். மடியைத் தடவிப் பார்த்தேன். இரண்டு மாட்டுக்கு மடியழற்சி தொடங்கியிருந்தது. அதற்கு ஊசி போட்டேன். தவிட்டைக் கூட்டச் சொன்னேன். உப்புக்கட்டி கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் மடியழற்சி. தொழுவத்துத் தரையைக் கழுவுவது போதாது என்று அதற்கும் ஏசினேன். நாலு மாட்டையும் தலை முதல் வால் வரை பார்த்த நான், கறந்த கையைப் பார்க்கவில்லை. என் வேலை மாடு. என் கண் மாட்டில் இருந்தது. ஆனால் அதே கையின் வட்டத்துக்கு எட்டு மாதமாக மருந்து சொன்னவனும் நான்தான்.

கடைசியில் டொக்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வழக்கம்போல் கழுவிக்கொண்டு தள்ளி நின்றார். "கறவுங்கோ அம்மா, பாப்பம்" என்றார்.

அக்கா குந்தியிருந்து கறந்தார். கையால் கறக்கும்போது விரல்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வரும். மோதிர விரலும் சின்ன விரலும் இறுக்கினால்தான் காம்பில் இருக்கிற பால் முழுக்க வெளியே வரும். அக்காவின் வலது கையில் அந்த இரண்டு விரலும் இறுக்கவில்லை. பாதி மடங்கி, சும்மா காம்பில் சாய்ந்துகொண்டு நின்றன. மடியில் பால் மிஞ்சுகிறது, மிஞ்சிய பால் மடியைக் கெடுக்கிறது. மாட்டில் ஒரு குறையும் இல்லை.

டொக்டர் மாட்டுக்குக் கிட்டப் போகவே இல்லை. அக்காவை எழுப்பி மர வாங்கில் இருத்தினார். மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து நுனியை நூலாகத் திரித்தார்.

"கண்ணை மூடுங்கோ அம்மா. நான் தொடுற இடத்தை மற்றக் கையால தொட்டுக் காட்டுங்கோ."

இடது கையில் தொட்டார். அக்கா சரியாகக் காட்டினார். தோளில் தொட்டார், காட்டினார். வட்டத்தின் நடுவில் தொட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். டொக்டர் திரும்பவும் தொட்டார். திரும்பவும். அக்கா இன்னும் காத்திருந்தார், தொடப் போகிறார்கள் என்று. சின்ன விரலின் நுனியிலும் தொட்டார்.

"தொடுங்கோவன் டொக்டர்" என்றார் அக்கா.

டொக்டர் பஞ்சை வைத்துவிட்டு முழங்கையின் பின்பக்கத்தைத் தடவினார். என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். தோலுக்கு அடியில் நரம்பு தடித்து, கன்று கட்டும் கயிறு போல உருண்டது.

அன்றைக்கே கடிதம் எழுதி ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்கு அனுப்பினார். வாகனத்தில் திரும்பும்போது அந்தத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எத்தினை மாசம்?"

"எட்டு, ஒன்பது."

"கடிக்குதா எண்டு கேட்டனீரோ?"

கேட்கவில்லை என்பது மட்டுமல்ல, எரியவில்லை என்று அவராகவே சொன்னார், நான் அதைப் பகிடியாக்கினேன் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. டொக்டர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். என்னை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தொழுநோய். ஊர்ச் சனம் பெருவியாதி என்று சொல்வது. இலவசமாக மருந்து உண்டு, குளிசை குடித்தால் முற்றாகச் சுகமாகும், மருந்து தொடங்கிய ஆளிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவாது. இதெல்லாம் உண்மை. அக்கா ஒரு நாளும் தவறவிடாமல் குடித்தார், வட்டமும் மங்கிப் போனது. பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள், இருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் செத்த நரம்பு திரும்பவில்லை. விரல் மடங்கத் தொடங்கிய நேரமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று கிளினிக் டொக்டர் அக்காவிடமே சொல்லியிருக்கிறார். அக்கா இதை எனக்குச் சொல்லவில்லை. மகள் சொன்னாள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

ஒற்றைக் கையால் நாலு மாடு கறக்க ஏலாது. மகள் முயற்சி செய்தாள். பள்ளிக்கூடம் கெட்டது, அக்கா வேண்டாம் என்றுவிட்டார். மாடுகளை விற்க முடிவு செய்தார். மாடு மாவட்டத்துக்குள்ளே இடம் மாறுவதென்றாலும் சுகநல அத்தாட்சி வேண்டும். அதற்கு மாட்டைப் பார்த்துப் படிவம் நிரப்புவது என் வேலை.

வேறு யாரையாவது அனுப்பும்படி டொக்டரிடம் கேட்டேன்.

"இல்லை. நீர்தான் போகவேணும்" என்றார்.

போனேன். நாலு மாட்டையும் முற்றத்து மாமரத்தோடு கட்டியிருந்தார்கள். குளிப்பாட்டியிருந்தார்கள், நெற்றியில் பொட்டும் வைத்திருந்தது. வெப்பநிலை பார்த்தேன், மடி பார்த்தேன், குளம்பு பார்த்தேன். தோல் என்று ஒரு கட்டம் படிவத்தில் இருக்கிறது. அதில் 'நோய் அடையாளம் இல்லை' என்று நாலு முறை எழுதினேன். உரிமையாளர் கையொப்பம் என்ற இடத்தைக் காட்டிப் பேனையை நீட்டினேன். அக்கா பத்தாம் வகுப்பு வரை படித்தவர், முத்து முத்தாக எழுதுவார். பேனையை வாங்கி விரல்களுக்கு இடையில் வைத்துப் பார்த்தார், அது நழுவியது. இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். பிறகு பெருவிரலை நீட்டினார். நான்தான் மை பூசி, அந்தக் கையைப் பிடித்து, படிவத்தில் வைத்து அழுத்தினேன். அழுத்தியது அவருக்குத் தெரிந்திருக்குமோ தெரியவில்லை.

மகள் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போயிருந்தாள்.

"அக்கா, இது என்னால வந்தது" என்றேன். "முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ எண்டு நான் சொல்லியிருக்க வேணும்."

அக்கா பெருவிரல் மையைச் சீலையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கிளினிக்கில கேட்டவை தம்பி. ஆர் படர்தாமரை எண்டு சொன்னது, ஆர் மருந்து தந்தது எண்டு. எழுதிறதுக்குப் பேனையும் எடுத்தவை."

"என்ன சொன்னனீங்கள்?"

"ஒருத்தரும் சொல்லேல்ல, நானாத்தான் பூசினனான் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"ஏனெண்டா? உங்கட பேர் எழுதினால் வேலைக்குக் கரைச்சல் வரும். உங்களுக்கும் பிள்ளையள் இருக்குதுகள்." கொஞ்ச நேரம் மாடுகளைப் பார்த்தார். "விடுங்கோ தம்பி. அண்டைக்கு எரியேல்ல எண்டு சொல்ல நீங்களும் சிரிச்சனீங்கள், நானும் சிரிச்சனான். ரெண்டு பேருக்கும் தெரியாதுதானே."

லொறி வந்து வாசலில் நின்றது. அக்கா எழுந்து போய் முதல் மாட்டின் முடிச்சை இடது கையால் அவிழ்க்கத் தொடங்கினார்.

அவருக்குத் தெரியாது, அது சரி. எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் என் முன்னால் கேட்கப்பட்ட கேள்வி அது. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.